அரை நொடி பிந்தி வரும் இடது கை

செல்சோ அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாரிசில், லா சப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே, கையில் ஒரு பை கத்தரிக்காயோடு நின்றேன். செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். தொலைபேசியில் தெரேசா. எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். அன்றைக்கு என் பெயரை மட்டும் சொன்னாள். தலைக்கு மேலே ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய் முடிந்ததும், "தவா, எங்கை நிக்கிறாய்? எங்கையாவது இரு" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. மரக்கறிக் கடைக்காரர் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் இருந்தேன். சனம் வந்தது, போனது. கத்தரிக்காய்ப் பை மடியிலேயே கிடந்தது.

லா சப்பலில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. புடவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த பிரேசில்காரர். கறுத்து மெலிந்த உடம்பு, நரைத்த சுருட்டை முடி, கோடையிலும் கழற்றாத சாம்பல் நிறக் கோட்டு. புதிதாக வந்த சனம் அவரைப் பார்த்து "அண்ணை மட்டக்களப்பே?" என்று கேட்கும். "ஓம்" என்பார். "இல்லாட்டி வவுனியாவே?" அதற்கும் "ஓம்" தான். தமிழில் அவருக்குத் தெரிந்த முதற் சொல் அது. எந்தக் கேள்விக்கும் அதையே மறுமொழியாக வைத்திருந்தார். அப்படி ஓம் சொல்லிச் சொல்லியே ஒரு தேர்த் திருவிழாவில் வெறும் மேலோடு வேட்டி கட்டி வடம் பிடித்திருக்கிறார். "கேட்டாங்கள், ஓம் எண்டன். மாட்டன் எண்டு சொல்லுற அளவுக்கு எனக்குத் தமிழ் காணாது" என்றார் பிறகு, தோளைத் தடவிக்கொண்டு.

அவர் காலமான மூன்றாம் நாள் கடைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணைக்கு முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். நீர்தான் எழுத வேணும்." இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, முப்பத்தோராம் நாள் வந்தவர்களின் கையில் கொடுக்கிற நம்முடைய அந்தச் சிறு புத்தகம். ஒரு பிரேசில்காரருக்குக் கல்வெட்டா என்று முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. தேவாரம் போடுவதா விடுவதா என்று கடைக்குள் பெரிய வாக்குவாதம். தெரேசாவிடம் கேட்டேன். "எல்லாத்தையும் போடு, அவர் எதுக்கு மாட்டன் எண்டவர்?" என்றாள். ஆகவே எழுதுகிறேன். எங்களுக்குள் பேச்சு பிரெஞ்சில்தான் நடந்தது. ஆனால் அது என் காதுக்குள் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது, விழுந்தபடியே எழுதியிருக்கிறேன்.

கல்வெட்டில் புகழ்ச்சிதான் இருக்கும். எனக்கு வெறும் புகழ்ச்சி எழுத யோக்கியதை இல்லை. கடைசிக் காலத்தில் அந்த மனிதனுக்கு நான் ஒரு பிழை செய்தேன். அவர் கண்ணை மூடுவதற்கு முன் அதைத் திருத்த முடியுமா என்று கடைசிக் கிழமைகளில் நான் பட்ட பாட்டையும் நீங்கள் அறிய வேண்டும்.

குழுவின் பெயர் போர்த்துக்கீசில் இருந்தது. தமிழில் ‘வியாழன் பின்னேரம்’. ஜாஸ் என்பார்கள், ஃபங்க் என்பார்கள். என் மனைவி வசந்திக்கு நான் விளக்கியது இப்படி: "பாடுறதுக்கு ஆள் இல்லாத பாட்டு. இடுப்பு ஆடும், தலை யோசிக்கும்." செல்சோ அண்ணை மின்சாரப் பியானோ, தெரேசா டிரம்ஸ், அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர் பேஸ் கிற்றார். மூவரும் பிரேசிலின் ரெசிஃபே நகரத்திலிருந்து மூன்று மாத ஒப்பந்தத்தில் பாரிசுக்கு வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் போகவில்லை. "போறதுக்குத்தான் வெளிக்கிட்டம். மழை பெய்தது. விடட்டும் எண்டு நிண்டம்" என்பார். அந்த மழை விடவே இல்லை. அவர் பள்ளிக்கூடங்களில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போனார், அவள் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குப் போனாள். மூவருக்கும் பொதுவாக ஓய்வு கிடைத்தது வியாழன் பின்னேரம் மட்டும்தான். அந்தப் பெயரில் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்குப் பிறகு பேஸ்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நான் அப்போது கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். சனி ஞாயிறுகளில் சினிமாப் பாட்டுக் குழுவில் பேஸ் வாசிப்பேன். நகரத்துக்கு வெளியே ஒபர்வில்லியேயில் ஒரு தகரக் கொட்டகையில் என் சாமான்கள் பாதி, மணவறை அலங்காரம் செய்யும் நண்பரின் சாமான்கள் பாதி. பொன் பூசிய தூண்கள், தெர்மோக்கோல் யானைகள், சிவப்பு வெல்வெட் கதிரைகள். ஒலிபெருக்கி பார்க்க வந்த செல்சோ அண்ணை, மாப்பிள்ளைக் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "இஞ்சை வாசிக்கலாமே?" என்று கேட்டார். பெட்டியைப் பரிசோதிக்க நான் பேஸைச் செருகினேன். அவர் பியானோவில் எதையோ தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன், பிறகு முன்னால் ஓடினேன். சினிமாப் பாட்டுக்காரனுக்கு ஓட்டம்தானே தெரியும். அவர் வாசிப்பை நிறுத்தாமலே சொன்னார்: "கால்மா, தவா. பாட்டு எங்கையும் ஓடிப்போகாது. நீ ஆறுதலா வா." கால்மா என்றால் அவர்கள் மொழியில் அமைதி. அன்றைக்கு வாடகைக்கு வந்தவர்கள் இருபத்தைந்து வருடம் போகவில்லை.

இப்போது நினைத்தால் அந்த வியாழக்கிழமைகள் எல்லாம் ஒரே பின்னேரமாகத் தெரிகின்றன. கூரையின் பிளாஸ்ரிக் தகட்டால் பால் நிறத்தில் வெளிச்சம் இறங்கும். யானைகளின் முதுகில் தூசி. தெரேசா தேநீர்க் கோப்பையைத் தூணின் அடியில் வைப்பாள். அது ஆறிப் போகும். யாரும் குடிக்க மாட்டோம். ஒரு பாட்டு தொடங்கினால் அது எப்போது முடிந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வெளியே லொறிகள் சாமான் இறக்கும் சத்தம்கூட பாட்டுக்குள் வந்து இருந்துவிட்டுப் போகும். கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி அரைவழி வந்த பிறகுதான் எனக்கு ஊர், வேலை, பசி எல்லாம் திரும்பி வரும்.

அவருடைய வாசிப்பின் சூட்சுமம் இடது கையில் இருந்தது. தாளம் ஓரிடத்தில் விழும். அவர் இடது கை அதற்கு ஒரு மயிரிழை பிந்தி வரும். சோம்பல் என்று நினைத்தேன் முதலில். பிறகுதான் தெரிந்தது, அந்த மயிரிழை இடைவெளிக்குள்தான் கேட்பவர்கள் விழுந்து கிடக்கிறார்கள் என்று. எங்கள் இரண்டாவது இசைத்தட்டு வந்தபோது எங்கேயோ இருக்கிற ஊர்களிலிருந்து ஆட்கள் கடிதம் எழுதிக் கேட்டதும் அதைப் பற்றித்தான். தாளம் காட்டும் இயந்திரத்தை அவர் கொட்டகைக்குள் விட்டதில்லை. "பேஸ் வாசிக்கிறவன் வீட்டுக்காரன். நான் விருந்தாளி. விருந்தாளி வர முன்னம் வீட்டுக்காரன் கதவைப் பூட்டிப்போட்டுப் போகப்படாது" என்பார்.

பியர்ஃபித் மண்டபத்தில் வசந்தியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒழுங்கு செய்த பாட்டுக்குழு வரவில்லை. பெட்டை அலங்கரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஆலாத்தித் தட்டுகளோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், என்னுடைய ஒலிபெருக்கி மட்டும் ஊமையாக நிற்கிறது. "உங்கடை பிரேசில்காரரைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் வசந்தி. விசர்க் கதை என்று ஏசினேன். ஆனாலும் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார்கள். வேகமான பாட்டொன்றைத் தொடங்கினோம். நாலு அடி போவதற்குள் செல்சோ அண்ணை என் பக்கம் திரும்பி, "பொம்பிளையள் தட்டோடை நடக்கினம். விளக்கு அணையப் போகுது. நாங்கள் என்னத்துக்கு ஓடுறம்?" என்றார். இசை மெல்ல மெல்ல இறங்கியது. பட்டுச் சேலை எந்த வேகத்தில் நடக்குமோ அந்த வேகத்துக்கு வந்து நின்றது. மண்டபம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. பெட்டையின் அப்பா பிறகு என்னிடம் வந்து, "உது என்ன பாட்டு? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனால் அழுகை வந்திட்டுது" என்றார். அதற்குப் பிறகு நாலைந்து சாமத்திய வீடுகளுக்கு எங்களைத்தான் கேட்டார்கள். ஒரு ஜாஸ் குழுவுக்கு இப்படியும் ஒரு காலம் வாய்த்தது.

பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. லியோன், பிரசெல்ஸ், சின்னச் சின்ன மண்டபங்கள். பத்து வருடத்துக்கு மேல் இசைத்தட்டு இல்லை. நாங்கள் கிழவர் ஆனோம். பிறகு இளைய தலைமுறைக்காரர்கள் எங்கள் இரண்டாவது தட்டைத் தோண்டி எடுத்து, அது பெரிய சாமான் என்று சொல்லத் தொடங்கினார்கள். புதிதாக எட்டுப் பாட்டு பதிவு செய்து தரும்படி ஒரு நிறுவனம் கேட்டது. செல்சோ அண்ணை அதற்கும் ஓம் என்றார். அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது.

ஆஸ்பத்திரியால் வந்தார், பயிற்சி செய்தார், வசந்தத்தில் கை எழும்பியது. ஆனால் பழைய மயிரிழை இப்போது அரை நொடியாகிவிட்டது. சில இடங்களில் அதையும் தாண்டியது. அப்படியே பதிவு செய்தோம். நானும் தெரேசாவும் ஒழுங்கான தாளத்தில் போனோம், அவர் கை பின்னால் இழுபட்டு வந்தது. பதிவைத் திருத்திச் சேர்க்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே கொட்டகையில் இருந்து கேட்பேன். உலகம் இதைக் கேட்டுவிட்டு ‘பாவம் கிழவர்’ என்று சொல்லக்கூடாது என்று நினைத்தேன். கணினித் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருக்கும். பிந்தி விழுந்த ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து இழுத்துக் கோட்டில் வைத்தேன். நீண்ட வெறுமைகளை வெட்டி எறிந்தேன். எட்டுப் பாட்டும் சுத்தமாகிவிட்டன. சத்தியமாக அன்பினால்தான் செய்தேன்.

அவரைக் கூட்டிவந்து மாப்பிள்ளைக் கதிரையில் இருத்திப் போட்டுக் காட்டினேன். முதற் பாட்டு முடியும் வரை கேட்டார். "ஆர் உந்தப் பியானோ?" என்றார்.

"நீங்கள்தான் அண்ணை."

"நானில்லை. ஆனால் கெட்டிக்காரன். ஒரு இடத்திலையும் பிந்தேல்லை."

எழும்பினார். கோட்டை ஒரு கையால் போட்டுக்கொள்ளப் பார்த்தார்; நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கோட்டின் ஒரு கை பின்னால் தொங்கத் தொங்க பஸ் தரிப்பிடம் வரை நடந்து போனார். அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: நோயை அழிக்கப் போய் ஆளையே அழித்திருக்கிறேன். பழைய மயிரிழையையும் சேர்த்து.

நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், அவர் வரவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. வசந்தியிடம் சொன்னேன். "ஆக்கப் பொறுத்தனியள், ஆறப் பொறுக்கேலாமல் போச்சுதே" என்றாள். அவ்வளவுதான், வேறு ஏசவில்லை. ஏசுவதற்கு தெரேசா இருந்தாள். கொட்டகை வாசலில் நின்று, பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் வெளியே வந்து பார்க்கும்படி ஏசினாள். நான் கோபத்தில், "நான் ஆருக்காகச் செய்தனான்? அவருக்காகத்தானே!" என்று கத்தினேன். அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஜப்பானை உனக்கு ஞாபகம் இருக்கே?"

இருந்தது. இரண்டாவது இசைத்தட்டுக்குப் பிறகு ஜப்பானில் ஒன்பது ஊர்களில் வாசிக்க அழைப்பு வந்தது. பிறகு அவர்களே கைவிட்டுவிட்டதாக எனக்குச் சொல்லப்பட்டது. நான் அப்போது அகதிப் பத்திரக்காரன். விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

"அவங்கள் கைவிடேல்லை. வேற பேஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டாங்கள். இவர் மாட்டன் எண்டிட்டார். ‘தவாவுக்குக் கடதாசி வரட்டும், பிறகு வாறம்’ எண்டார். நான் அழுது பார்த்தன், சண்டை பிடிச்சுப் பார்த்தன். ஒரு வருசம் பார்த்துப்போட்டு அவங்கள் வேற குழுவைக் கூப்பிட்டாங்கள். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

எந்தக் கேள்விக்கும் ஓம் என்ற மனிதன் வாழ்நாளில் ஒரு தடவை மாட்டேன் என்றிருக்கிறார், அது எனக்காக. ஒரு வருடம் எனக்காகக் காத்திருந்த மனிதனுக்கு நான் அரை நொடி காத்திருக்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டேன். தெரேசா பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

திருத்தாத பதிவை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். கதவைத் திறந்தார். அவர் முகம் சின்னதாகியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "ஜப்பானிலை மீன் பச்சையாத் தின்ன வேணுமாம். தப்பினன்" என்று பேச்சை மறித்துவிட்டார், தெரேசா முன்னமே அறிவித்திருக்கிறாள். பிறகு யன்னலோரம் இருந்து எட்டுப் பாட்டையும் கேட்டோம், அவர் வாசித்தது வாசித்தபடி. மெட்ரோ போகும்போதெல்லாம் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. எல்லாம் முடிந்ததும் சொன்னார்:

"நான் பிந்தேல்லை, தவா. வடிவாக் கேள். நீங்கள் ரெண்டு பேரும் என்னை விட்டிட்டுப் போட்டியள்."

அதுதான் உண்மை. பியானோவைத் தனியாகக் கேட்டால் அது தன் நடையில் ஒழுங்காகத்தான் நடந்தது. மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் ஒரு அடியும் தவறாமல். பேஸும் டிரம்ஸும்தான் வேறு யாரோடோ போய்க்கொண்டிருந்தன. வழக்கமாக டிரம்ஸையும் பேஸையும் முதலில் பதிந்து மற்றதெல்லாம் அதன் மேல் வைப்பார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். அவருடைய பியானோவைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே என் பேஸைப் புதிதாக வாசிப்பது. பிறகு தெரேசா வந்து அடிப்பது.

அவருடைய அறையிலேயே செய்தோம். வேலை முடிந்து பின்னேரங்களில் போவேன். அவர் கட்டிலில் சாய்ந்து காதில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்வார்; நான் கட்டில் விளிம்பில் பேஸோடு இருப்பேன். "திரும்பவும் ஓடுறாய்." அழித்துவிட்டு மறுபடி வாசிப்பேன். "இப்ப பயத்திலை நிக்கிறாய். பயந்து நிக்கிறது வேறை, ஆளுக்காக நிக்கிறது வேறை." ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வியர்த்தது. ஒரு பின்னேரம், மூன்றாம் பாட்டில், நான் எண்ணுவதை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் நினைத்துக்கொண்டு வாசித்தேன். பாட்டு முடிந்தது. ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் நித்திரையாகிவிட்டார். அவரை எழுப்பாமல் நெடுநேரம் அப்படியே இருந்தேன். கீழே புடவைக்கடைக்காரர் மணி கட்டிய கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை வீட்டில் சொல்லத் தெரியவில்லை; வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிட்டாரே?" என்று மட்டும் கேட்டாள்.

ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதில் கடினமான ஓரிடம் இருக்கிறது: வலது கை நின்றுவிடும், தாளமும் நிற்கும், இடது கை தனியே வந்து பாட்டைத் தூக்க வேண்டும். பதிவு செய்த அன்று அந்த இடத்தில் அவர் கை வரச் சுணங்கியது. பொறுக்க மாட்டாமல் நாங்கள் அடுத்த வரிக்குத் தாவியிருந்தோம்; அவர் கை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்திருந்தது. "அது இண்டைக்கு வேண்டாம். நாளைக்குப் பாப்பம்" என்றார். திங்கட்கிழமை அது. செவ்வாய் காலை தாதி வந்து பார்த்தபோது நித்திரையிலேயே போயிருந்தார்.

இறுதிக் கிரியைக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். தெரேசா போர்த்துக்கீசில் செபம் சொன்னாள், யாரோ ஒருவர் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார், அவருடைய சாம்பல் நிறக் கோட்டையே போட்டிருந்தார்கள். அடுத்த நாள் நானும் தெரேசாவும் ஒபர்வில்லியேக்குப் போனோம். அவள் முதல் ஏழு பாட்டுக்கும் அடித்தாள். நிற்க வேண்டிய இடமெல்லாம் நின்றாள், சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இருவருமாக எட்டாவதுக்கு இருந்தோம், காதில் அவருடைய பியானோவை மட்டும் போட்டுக்கொண்டு.

அவருடைய பியானோ ரெசிஃபேயில் இருக்கும் தங்கைக்குப் போகிறது. புத்தகங்களைப் பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறது. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: ஒருவர் வந்து சேரும் வரை, அவரைக் குறையாக நினைக்காமல், நின்றுகொண்டிருப்பது. பிந்தித்தான் படித்தேன். படித்தேன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அந்த இடம் வந்தது. வலது கை நின்றது. தெரேசா குச்சிகளைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் காதுக்குள் அந்தப் பதிவின் வெறும் மூச்சு மட்டும் இருந்தது. பொறு என்று தலையாட்டினேன். இருவரும் பொறுத்தோம்.

அவர் வந்தார்.